மேடேறும்போது மட்டும் ஒரு சத்தம்

சம்பந்தியின் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எழுந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. சைலன்சரில் ஒரு கரகரப்பு, பின்சக்கரத்து பேரிங்கில் லேசான ஓர் உறுமல், இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற வண்டி அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். சர்வீஸ் செய்து அனுப்பி அதிக நாள் ஆகவில்லை. அனுப்பிய வண்டி இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தால் அது நன்றி சொல்ல வந்ததாக இருக்காது.

மகளைக் கட்டிக்கொடுத்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. சம்பந்தி என்பது ஒரு தினுசான உறவு. தோளில் கை போடவும் முடியாது, எட்டி நிற்கவும் முடியாது. எவ்வளவு சிரிக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இந்த சம்பந்தி அதிலும் ஒரு படி மேலே. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பிறத்தியார் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர். கல்யாண அழைப்பிதழை நீட்டியபோது, "ரொம்ப அழகா இருக்கு" என்று வாயாரச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மெக்கானிக் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நம்ம பொண்ணு வைக்கிற சோத்துல கல்லு இருந்தா சிவப்புப் பேனாவால சுழிச்சுக் குடுப்பாரு போல" என்றார்.

ஆனால் அதே மனிதர்தான் கல்யாணம் முடிந்த கையோடு, "இனிமே நம்ம வீட்டுக் காருக்கு நீங்கதான் கை வைக்கணும்" என்று சாவியைக் கொண்டுவந்து இவருடைய உள்ளங்கையில் வைத்தார். வருஷக்கணக்காக வேறொருவரிடம் காட்டிக்கொண்டிருந்த வண்டி. சம்பந்தி அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கி, பிள்ளையை வளர்த்த மாதிரி வளர்த்துவைத்திருந்தார். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க பானட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். மகள் வாழப்போன வீட்டில் தன் கைக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது என்று அன்றைக்கு அவர் நினைத்தார். அந்த மரியாதைதான் இப்போது வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.

"வாங்க சம்பந்தி. என்ன, வண்டி மக்கர் பண்ணுதா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. முன்னைக்கு இப்ப நல்லாவே இழுக்குது." சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடு ஏறும்போது மட்டும் ஒரு சின்ன சத்தம். கிண்கிண்ணு. தகர டப்பாவுல ஆணியப் போட்டு ஆட்டுற மாதிரி. கண்டுக்காம விட்டுடலாம்னுதான் பாத்தேன். ஆனா ஒரு தடவ காதுல விழுந்துட்டா அப்புறம் விடமாட்டேங்குது."

மெக்கானிக்குச் சுருக்கென்றது. வேறு எந்தக் குறையைச் சொல்லியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார். பிரேக் சரியில்லை என்றிருக்கலாம், ஹாரன் அடிக்கவில்லை என்றிருக்கலாம். இந்தக் கிண்கிண் சத்தத்தைத் தொழிலில் நாக்கிங் என்பார்கள். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதற்கு டைமிங் என்று பேர். கொஞ்சம் முந்தி விழுந்தால் வண்டி பாயும். ரொம்ப முந்தினால் உள்ளே அடித்துக்கொண்டு இப்படிச் சத்தம் போடும், நாளாவட்டத்தில் பிஸ்டனையே தின்றுவிடும். மற்ற மெக்கானிக்குகள் அதற்கென்று ஒரு விளக்கை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். இவர் விளக்கைத் தொட்டதே இல்லை. பொறியைப் பங்குபோட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் முன்னே திருப்புவார், மேட்டில் ஓட்டிப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் திருப்புவார். கிண் என்று முதல் சத்தம் காதில் பட்டதும் நிறுத்தி, ஒரு மயிரிழை பின்னால் திருப்பி, நட்டை முறுக்குவார். அந்த மயிரிழையில்தான் அவர் பேர் வாங்கியிருந்தார். அப்படி வைத்துக் கொடுத்த வண்டியில் நாக்கிங் என்றால், சமையல்காரனைப் பார்த்து உப்புப் போட மறந்துவிட்டாய் என்கிற மாதிரி.

"வாங்க, ஓட்டிப் பாத்துடலாம்" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற சாலை நல்ல செங்குத்தான மேடு. மெக்கானிக் ஓட்டினார், சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி மேட்டில் கியரைக் குறைக்காமல் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தினார். சத்தம் என்று ஒன்று இருந்தால் இந்த இடத்தில் வந்தே தீர வேண்டும்.

"இதோ" என்று சம்பந்தி ஒரு விரலை உயர்த்தினார்.

மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கேட்டார். சைலன்சர் கேட்டது. பேரிங் கேட்டது. பின்சீட்டில் கிடந்த குடை கதவில் போய் இடிப்பது கேட்டது.

"எங்க?"

"இதோ. இதோ இப்பவும் வருது பாருங்க. இப்ப நின்னுடுச்சு." மேடு முடிந்திருந்தது.

மெக்கானிக் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏறினார். சம்பந்தியின் விரல் மறுபடி உயர்ந்தது. இவருக்கு மறுபடி அந்தக் குடைதான் கேட்டது. இல்லை என்று சொன்னால் சம்பந்தியைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். இருக்கிறது என்றால் பொய் இவருடையதாகிவிடும். கடைசியில், "உள்ள கரி படிஞ்சிருக்கும், சுத்தம் பண்ணிடறேன்" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவைத்தார்.

சொன்னதோடு விடவில்லை. இன்ஜினின் தலையைக் கழற்றினார். உள்ளே நிஜமாகவே கரி படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆக, மனிதர் சொன்னது பொய்யில்லை, லேசாக இருந்திருக்கும், தனக்குப் பிடிபடவில்லை. சுரண்டி, துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, புது பிளக் போட்டு, கடைசியாகத் தன் வழக்கப்படி மேட்டுக்குக் கொண்டுபோய் டைமிங் வைத்தார். எவ்வளவு திருப்பியும் சத்தம் வருவதாக இல்லை. ஸ்டார்ட் ஆகவே திணறுகிற அளவுக்குப் போன பிறகுதான் பின்வாங்கினார். இப்போதெல்லாம் எல்லா வண்டியும் அப்படித்தான், பெட்ரோல் நல்ல பெட்ரோலாக வருகிறது என்று கொஞ்ச காலமாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் சம்பந்தி வந்தார். ஷூவில் அதே பாலிஷ், முகத்தில் அதே தயக்கம்.

"உங்கள ரொம்பத் தொந்தரவு பண்றேன். முன்ன விட இப்பக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கற மாதிரி தோணுது. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ."

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கோர்வையாக இருக்காது, அவருக்கே கோர்வையாக இல்லை. பெட்ரோலை மொத்தமாக வடித்துவிட்டு வேறு பங்கில் வாங்கி ஊற்றினார். ரேடியேட்டரைக் கழுவினார், சூடேறினாலும் இந்தச் சத்தம் வரும் என்பதால். எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொரு ரப்பர் குழாயையும் சோப்புத் தண்ணீர் போட்டுத் தடவிப் பார்த்தார். கார்புரேட்டரைப் பிரித்து மேஜைமேல் பரப்பி, அதற்கு எதிரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு மேட்டுக்குப் போய் டைமிங் வைத்தார். ஒவ்வொரு தடவையும் சம்பந்தி திரும்பி வந்து, முன்னைவிடத் தாழ்ந்த குரலில், முன்னைவிட அதிகமாக இருக்கிறது என்றார். வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் முற்றுகிறது, ஆனால் வைத்தியனுக்கு நோயே தெரியவில்லை. இப்படி ஒரு கேஸை அவர் பார்த்ததில்லை. ஒன்றும் புரியவில்லை.

புரியாத இடத்தில் மனிதனுக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அவருக்கும் வந்தது.

"நம்மள மட்டம் தட்டத்தான் இப்படிப் பண்றாரு" என்றார் மனைவியிடம். "குறை கண்டுபிடிச்சே பழக்கப்பட்ட மனுஷன். வண்டியில குறை இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது."

"அவர் எதுக்குங்க இல்லாத சத்தத்தச் சொல்லப்போறாரு? பாவம், பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வராரு. அந்த டி.வி.யக் கொஞ்சம் குறைங்க, காது வலிக்குது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படி எங்க சொன்னேன்?"

அவள் சொல்லவில்லைதான். ஆனால் இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தாக வேண்டும். சத்தம் இருக்கிறது, அல்லது இல்லை. இருந்தால் தனக்குத் தொழில் தெரியவில்லை. இல்லாவிட்டால் சம்பந்தி நல்லவரில்லை. இரண்டில் எதுவானாலும் நடுவில் நிற்கப்போவது மகள்.

அவளே ஒரு நாள் சம்பந்தியோடு வந்து இறங்கினாள். சின்ன வயதில் பட்டறையில் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மெக்கானிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இவள் ஒருத்தி கேட்டுச் சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. மூன்று பேருமாக மேட்டுக்குப் போனார்கள். மகள் பின்சீட்டில் உட்கார்ந்து, குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாதி மேட்டில் அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

"அப்பா, அடிக்குது" என்றாள். "நல்லாவே அடிக்குது. காலை எடுங்க."

அவர் காலை எடுக்கவில்லை. குடைச் சத்தம்கூட இல்லாத வண்டியில் சைலன்சரும் பேரிங்கும் மட்டும் கேட்டன.

"எங்கம்மா?"

"இதோப்பா. கேக்குதில்ல? இதோ."

முன்சீட்டில் ஒரு விரல், பின்சீட்டில் ஒரு விரல். அவருக்குள் என்னவோ அறுந்தது. "கல்யாணம் ஆனதும் காதும் அந்த வீட்டுக் காதா ஆயிடுச்சா உனக்கு?" என்று கேட்டுவிட்டார்.

சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் மகளின் முகம் சுண்டிப்போவது தெரிந்தது. தொட்டியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். பட்டறைக்கு வந்ததும் சம்பந்தி, "வண்டி இங்கயே இருக்கட்டும், நாங்க பஸ்ஸுல போயிடறோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். மகள் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கி நின்றாள்.

"உங்களுக்கு நிஜமாவே கேக்கலையாப்பா?"

"இருந்தாத்தானே கேக்கும்."

அவள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். அவர் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதை ஓங்கி ஓர் உதை விட வேண்டும் போலிருந்தது. உதைக்கவில்லை. சம்பந்தி வீட்டு வண்டி.

உதைக்காத காலோடு என்ன செய்வதென்று தெரியாமல்தான் பிளக்குகளைக் கழற்றினார். சும்மா, கைக்கு ஒரு வேலை. முதல் பிளக்கைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பொறி விழுகிற நுனியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் உண்டு. அதில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே மினுக்மினுக்கென்று உலோகத் துகள். இரண்டாவதை எடுத்தார், அதிலும் அப்படியே. நாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின மாதிரி இருந்தன. அவர் கையால் போட்ட புது பிளக்குகள்.

இந்தப் புள்ளி ஏன் விழும் என்று அவருக்குத் தெரியும், எத்தனையோ பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். இன்ஜின் உள்ளே அடித்துக்கொண்டால்தான் விழும். அதுவும் நன்றாக, விடாமல் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிளக்குக்கு சம்பந்தியும் இல்லை, மருமகளும் இல்லை. அது எந்த வீட்டுப் பக்கமும் பேசாது. ஆக, சத்தம் இருக்கிறது. இருக்கிற சத்தம் மூன்று பேர் உட்கார்ந்திருந்த வண்டியில் இரண்டு பேருக்குக் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் மூன்றாவது ஆளுக்கு என்ன? அவர் பிளக்கைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பேரிங் கேட்கிறதே. தெருமுனையில் லாரி திரும்பினால் எந்த லாரி என்று சொல்ல முடிகிறதே. கேட்கிறவனுக்கு எப்படிக் கேட்காமல் போகும்?

வீட்டுக்குப் போய்க் கை கழுவாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கேக்குதா?" என்றார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இதென்ன கேள்வி? கேக்காமயா இப்பப் பேசிட்டிருக்கீங்க?"

"வெளையாட்டுக்குக் கேக்கல. சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, அவர் மணிக்கட்டிலிருந்த வாட்சைக் கழற்றி, ஒரு பொத்தானை அழுத்தி, அவர் காதுக்கு அருகில் கொண்டுவந்தாள். "இது கேக்குதா?"

"அந்த அலாரம்தான் கெட்டுப்போச்சே."

"கெட்டுப்போகல. இப்ப அடிச்சிட்டிருக்கு. தினமும் விடியக்கால அடிக்குது. நான்தான் எழுந்து நிறுத்திட்டு உங்கள உலுக்கறேன்."

"எனக்குத் தானா முழிப்பு வருது."

"வருது வருது" என்றாள். "ரெண்டு மூணு தடவ உலுக்கினப்புறம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. கரகரன்னு இருக்கறதெல்லாம் கேக்குது, கீச்சுன்னு இருக்கறது கேக்க மாட்டேங்குது, டாக்டர்கிட்ட காட்டலாம்னு சொன்னேன். பட்டறையில சுத்தியல் சத்தத்துல எல்லாருக்கும் அப்படித்தான்னுட்டீங்க." அவள் வாட்சை நிறுத்தினாள். நிறுத்தியதும் அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கு மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது, ஒவ்வொன்றாக, அடித்துப்போடுகிற மாதிரி. கிண் என்று கேட்கும்வரை திருப்பு, கேட்டதும் கொஞ்சம் பின்னால் வை. இதுதான் அவர் வித்தை. கேட்காதவன் எங்கே நிறுத்துவான்? திருப்பிக்கொண்டே போவான். ஒவ்வொரு தடவையும் சத்தத்தைப் போக்குகிறேன் என்று போய், சத்தத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறார். கரியில்லை, பெட்ரோல் இல்லை, ரேடியேட்டர் இல்லை. அந்த வண்டிக்கு வந்த நோய் அவர்தான். பெட்ரோல் நல்ல பெட்ரோல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே. பேக்கரிக்காரர் தன் வேனை இப்போது கொண்டுவருவதே இல்லை, நன்றி கெட்ட மனிதர் என்று அவரைத் திட்டித் தீர்த்தார். ஹோமியோபதி டாக்டரின் பழைய கார், ஸ்கூல் வேன், இன்னும் எத்தனை வண்டி கிண்கிண்ணென்று மேடேறிக்கொண்டிருக்கிறதோ. சொல்ல சங்கடப்பட்டுக்கொண்டு ஒவ்வொருவராக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். சம்பந்தி ஒருவர்தான் ஒதுங்க முடியாமல் திரும்பத் திரும்ப வந்து சொல்லியிருக்கிறார்.

பயமாக இருந்தது. இந்தத் தொழிலில் அவருக்குச் சொத்து என்று இருந்தது காது ஒன்றுதான். அது போய்விட்டதென்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் மகளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஒரு யோசனையும் வந்தது. நாளைக்கே அந்த விளக்கு ஒன்றை வாங்கி, டைமிங்கை ஒருவழியாக வைத்து, "பெட்ரோல்லதான் கலப்படம் சம்பந்தி, கண்டுபிடிச்சுட்டேன்" என்று பூசி மெழுகிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பேரும் பிழைக்கும். அதை நினைத்துக்கொண்டிருந்தபோதே மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமா வண்டிய வித்துடலாம்னு சொல்றாரு. ஆளும் பாத்துட்டாரு. நாளைக்குக் காலையில மாமாவே வந்து எடுத்துக்கறாராம்."

"எதுக்கு விக்கறாரு?"

"ஒரு வண்டிக்காக ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பேச்சு வரக்கூடாதாம். உங்க மனசு நோகறாப்ல இனிமே எதுவும் சொல்லமாட்டேங்கறாரு. உங்ககிட்ட வயசாயிடுச்சு, ஓட்ட முடியலன்னு சொல்லிக்கறாராம். நான் சொன்னதா காட்டிக்காதீங்க."

அந்தக் காரை அந்த மனிதர் துடைப்பதைப் பார்த்திருக்கிறார். கைக்குட்டையால் துடைப்பார்.

"காலையில நான் சொன்னது தப்பும்மா" என்றார்.

"விடுங்கப்பா."

"விடமாட்டேன். சத்தம் இருக்கு. நீ சொன்னது சரி."

"எப்படித் தெரிஞ்சுது?"

"பிளக்கப் பாத்தேன்."

"அப்ப கேக்கலையா?"

"கேக்கல."

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சுகிறாளோ என்று சந்தேகமாக இருந்தது. அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

"நான் மாமாகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம். நான்தான் சொல்லணும்."

காலையில் சம்பந்தி வருவதற்குள் என்ன சொல்வது என்று ஏழெட்டு விதமாக யோசித்து வைத்திருந்தார். சம்பந்தி வந்து, ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, "வயசாயிடுச்சு பாருங்க, முன்ன மாதிரி ஓட்ட முடியல" என்று தொடங்கியதும் ஏழெட்டும் போன இடம் தெரியவில்லை. நாலு பிளக்கையும் ஒரு துணியில் வைத்து நீட்டினார்.

"இந்தப் புள்ளியெல்லாம் நீங்க சொன்ன சத்தம். எனக்கு அது கேக்கல சம்பந்தி. கீச்சுன்னு இருக்கற எதுவுமே எனக்குக் கேக்கலன்னு நேத்துதான் தெரிஞ்சுது. கேக்காமயே டைமிங் வெச்சு வெச்சு உங்க வண்டிய நான்தான் கெடுத்திருக்கேன். உங்களையும் தப்பா நினைச்சேன். பொண்ணையும் பேசிட்டேன்."

சம்பந்தி பிளக்கை ஒவ்வொன்றாக எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வரிவரியாகப் படிக்கிற மாதிரி இருந்தது. மெக்கானிக் தீர்ப்புக்கு நிற்கிறவர் போல் நின்றார். சம்பந்தி திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அப்ப நான் பேசறது கேக்குதா உங்களுக்கு?" என்று சம்பந்தி கேட்டார்.

"அது நல்லாக் கேக்குது."

"இத்தன நாள் எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். இல்லாத சத்தம் மண்டைக்குள்ள கேக்குதோன்னு. வீட்டுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"விளக்கு ஒண்ணு வாங்கிடறேன்" என்றார் மெக்கானிக். "ஆனா நிக்கற வண்டிக்குத்தான் அது சொல்லும். தேஞ்ச இன்ஜின், மேட்டுல என்ன பண்ணுதுன்னு காதுதான் சொல்லணும். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்றதா இருந்தா, இப்பவே சரி பண்ணிடலாம். அதுக்கப்புறம் விக்கறதுன்னா வித்துக்குங்க."

"வாயால சொன்னா நேரமாகும்" என்றார் சம்பந்தி யோசித்துவிட்டு. "தோள்ல தட்டறேன்."

புது பிளக் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மெக்கானிக்கின் இடது தோளில் சம்பந்தியின் கை இருந்தது. இதுவரை இரண்டு பேரும் கைகுலுக்கியதோடு சரி. பாதி மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் விரல்கள் படபடவென்று தட்டின, மேடு முடியும்வரை ஓயவில்லை. மெக்கானிக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவா, இவ்வளவு சத்தத்தையா இந்த மனிதர் 'சின்ன சத்தம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்?

நிறுத்தி, இறங்கி, நட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பினார். மறுபடி கீழே வந்து ஏறினார்கள். இந்தத் தடவை விட்டுவிட்டுத் தட்டல். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அடுத்த தடவை பாதி மேடு வரை விரல்கள் சும்மா இருந்தன, வளைவில் நாலைந்து முறை மட்டும் தட்டின. சைலன்சரும் பேரிங்கும் எல்லாத் தடவையும் ஒரே மாதிரிதான் கேட்டன. அவரைப் பொறுத்தவரை வண்டியில் எந்த மாற்றமும் இல்லை, தோளில்தான் இருந்தது. மறுபடி திருப்பினார்.

கடைசி ஏற்றத்தில் கை தோள்மேல் அப்படியே இருந்தது. வளைவு வந்தது, போனது. தட்டவில்லை. மேடு முடிகிற இடத்தில் கை லேசாக எழுந்த மாதிரி இருந்தது, ஆனால் விரல் படவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"போயிடுச்சா?"

சம்பந்தி முன்கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குத் திடீரென்று எல்லாம் குழம்பிவிட்டது. இத்தனை நாளும் இந்த மனிதர் இல்லாததை இருக்கிறது என்கிறார் என்று பொருமினார். இப்போது இருப்பதை இல்லை என்று சொல்லிவிட்டால்? பாவம், காது போன மனுஷன், போகட்டும் என்று விட்டுவிட்டால்? தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது. இவர் என்ன சொல்கிறாரோ அதுதான் வண்டி. இவர் இரக்கப்பட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் மகளும் இரக்கப்படுவாள், மனைவி ஏற்கெனவே தினமும் விடியற்காலையில் இரக்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள், இனி யார் எதைச் சொன்னாலும் நிஜமா என்று தெரியாமலே மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

"சம்பந்தி" என்றார். "எனக்காகப் பாக்காதீங்க. இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

சம்பந்தி தோளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கு" என்றார். "கடைசியா, மேடு முடியற இடத்துல. லேசா ஒரு தடவ. தட்டத்தான் போனேன். காலையிலேருந்து மனுஷன் படற பாடு போதும், இது கிடக்கட்டும்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

மெக்கானிக் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தன் கைபட்ட வண்டி சரியாகவில்லை என்று கேட்டு அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் முட்டியது, எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"அடுத்த தடவ கொஞ்சம் பலமாவே தட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே போய் பானட்டைத் தூக்கினார்.